பெர்லீன் பெயரில் நானூற்றுப் பத்துக் கிலோ

வெனிலாப் பூவுக்கு ஆயுசு ஒரு காலைதான். விடியும்போது விரியும், உச்சிக்குள் சுருங்கிவிடும். அதற்குள் யாராவது போய் எலுமிச்சை முள்ளால் உள்ளே இருக்கிற மெல்லிய மூடியை நெம்பி, மகரந்தத்தைத் தொட்டு ஒட்டி, விரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு வரவேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பூ காய்க்காது. அதனால் அக்டோபர் கடைசி பிறந்துவிட்டால் மடகாஸ்கரின் அம்புதிவுவாரா ஊரில் காலை வேளையில் ஒரு பெண்ணையும் வீட்டில் பார்க்க முடியாது.

அன்றைக்குப் பெர்லீன் நூற்று நாற்பது பூ முடித்திருந்தாள். ராத்திரி பெய்த மழையில் சரிவு முழுக்கச் சேறு. கீழே ஊரில் பாய் விரித்துக் காயப்போட்டிருந்த கிராம்பின் காரம் ஈரக்காற்றோடு மேலே ஏறி மூக்கை அரித்தது. கொடிகளுக்கு நடுவே அவள் புருஷன் பெசாரா காலை இழுத்து இழுத்து ஏறி வந்தான். போன வருஷம் கிராம்பு மரத்திலிருந்து விழுந்ததிலிருந்து அவனுக்கு அந்த நடைதான்.

"ஏ பெர்லீன், எறங்கி வா. உன்னத்தான் தேடுறாங்க."

"யாரு?"

"கம்பெனி மதாம். தலைநகரத்துலேருந்து வந்திருக்கு. உன் பேரச் சொல்லிச் சொல்லிக் கேக்குது. சிரிச்ச மொகமாத்தான் இருக்கு."

"இருங்க, இன்னும் முப்பது பூ இருக்கு. முடிச்சிட்டு வாறேன்."

"ஊரே கூடியிருச்சு. தலைவர்கூட வந்துட்டாரு."

"பூ வாடிரும், லுவா அப்பா. மதாம் வாடாது."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். இருவரும் சேர்ந்து மனசுவிட்டுச் சிரித்தது அதுதான் கடைசி.

கம்பெனிக் கொட்டகை ஆற்றுத் துறைக்குப் பக்கத்தில். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த கம்பெனி. தூர தேசத்தில் வெனிலா வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் கேள்வி கேட்கிறார்களாம். இது நிசமாகவே மடகாஸ்கர் வெனிலாவா, யார் தோட்டத்தில் விளைந்தது, திருட்டுக் காயா என்று. அதற்காக வந்ததுதான் சங்கிலி. அதிகாரிகள் பிளாக்செயின் என்பார்கள், ஊர்க்காரர்களுக்குச் சங்கிலி. ஒவ்வொருவர் தோட்டத்தையும் நடந்து அளந்து, கொடியை எண்ணி, ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். காய் நிறுக்கும்போது அட்டையைப் போனில் காட்டினால் எடையும் தேதியும் சங்கிலியில் ஏறிவிடும். காயைப் பக்குவம் பண்ணிக் கட்டின கட்டின்மேல் கட்டம் கட்டமாகக் கறுப்புப் புள்ளி போட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். எங்கோ ஒரு வெள்ளைக்காரி அதைப் போனில் காட்டினால் பெர்லீன் பெயர் தெரியும்.

அந்தப் போன் வேலையைப் பார்த்தது பெர்லீனின் தம்பி இனியாஸ். ஊரில் அவன்தான் பத்தாவது தாண்டினவன். முதல் வருஷம் கூட்டத்தில் அவன்தான் எழுந்து விளக்கினான். "ஒரு கம்ப்யூட்டர்ல இருந்தா அழிச்சிரலாம். இது ஆயிரம் கம்ப்யூட்டர்ல ஒரே மாதிரி எழுதிக் கிடக்கும். ஒண்ணுல கைவச்சா மத்ததெல்லாம் காட்டிக் குடுத்துரும். ஏறினது ஏறினதுதான், கடவுளே வந்தாலும் அழிக்க முடியாது." கடவுளை இழுத்ததற்கு ஊர்த் தலைவர் தொதொசாஃபி முகம் சுளித்தார். மற்றவர்கள் கை தட்டினார்கள். அக்கா என்கிற முறையில் பெர்லீனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஆனால் சங்கிலி வந்தும் திருட்டு நிற்கவில்லை. மே மாதம், காய் முற்றுவதற்கு இரண்டு மாசம் முன்னால், வுலசாரா தோட்டத்தை மொட்டையடித்துவிட்டார்கள். புருஷன் இல்லாதவள். ஒன்றரை வருஷ உழைப்பு ஒரே ராத்திரியில் போனது. கொடியையே அறுத்துப் போட்டிருந்தார்கள், இனி மூன்று வருஷத்துக்குக் காய்க்காதபடிக்கு. வுலசாரா அழவில்லை. நாலு நாள் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். அடுத்தடுத்து இன்னும் நாலு தோட்டம் போனது. ஜூனில் பக்கத்து ஊரில் மூட்டையோடு போன ஒருத்தனைப் பிடித்து ஆற்றங்கரையில் அடித்தே கொன்றார்கள். மூட்டையைப் பிரித்தால் பலாக்கொட்டை. யாரும் அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை. கத்தியைத் தீட்டிவைப்பது மட்டும் எல்லா வீட்டிலும் கூடிப்போனது.

பெர்லீன் கொட்டகைக்குள் நுழைந்ததும் மதாம் நிவு ஓடிவந்து கையைப் பிடித்தாள். மேட்டுநிலத்துக்காரி, நேரான முடி, காலில் ரப்பர் பூட்ஸ். பக்கத்தில் இனியாஸ் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் குனிந்து திரையில் எதையோ தேய்த்தான்.

"இவங்கதானா? எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க!" மதாம் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "இந்த மாவட்டத்துலயே இந்த வருஷம் அதிகமா விளைய வச்சது இந்த அம்மாதான். நானூத்திப் பத்துக் கிலோ பச்சைக்காய்! வாங்குறவங்க இவங்க போட்டோ கேக்குறாங்க. எப்படிம்மா முடிஞ்சது? என்ன எரு போட்டீங்க? ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

பெர்லீனுக்கு முதலில் சரியாகக் காதில் விழவில்லை என்றுதான் தோன்றியது.

"எவ்வளவு?"

"நானூத்திப் பத்து."

"இல்ல மதாம். தொண்ணூத்தாறு. மூணு தடவையாக் குடுத்தேன். முந்நூறு கொடியில அவ்வளவுதான் வரும்."

மதாம் சிரித்தாள். "அடக்கமாப் பேசுறாங்க. சங்கிலியில பதினோரு தடவை ஏறியிருக்கும்மா. அதுல தப்பு வராது."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். தகரக் கூரையில் சொட்டுகிற தண்ணீர் மட்டும் கேட்டது. பெர்லீன் திரும்பிப் பார்த்தாள். முன்வரிசையில் வுலசாரா நின்றிருந்தாள். வாய் மெல்லத் திறந்து, எதையோ மனசுக்குள் கூட்டிப் பார்க்கிறவளைப் போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதாம் போன் எடுத்து ஒரு படம் பிடித்தாள்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் எதிர்ப்பட்டவர்கள் ஒதுங்கிப் போனார்கள். எப்போதும் கூப்பிட்டு நிறுத்தி மூக்குப்பொடி கேட்கிற கிழவர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மத்தியானம் மரவள்ளி இலைக் குழம்பை யாரும் தொடவில்லை. சோற்றுப்பானையில் அடிப்பிடித்த காந்தலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்ததை மட்டும் பெசாரா குடித்தான். தலைவர் தொதொசாஃபி வந்தார். உட்காரவில்லை.

"சனிக்கிழமை மத்தியானம் ஊர்க்கூட்டம். ரெண்டு பேரும் வரணும்."

"தலைவரே, நீங்க என்ன நெனைக்கிறீங்க?" பெசாரா கேட்டான்.

"நான் நெனைக்கிறதுல என்ன இருக்கு? இளவட்டம் எல்லாம் என்ன நெனைக்குதுன்னு நீயே பாரு. கள்ளக் காய் உன் பொண்டாட்டி பேர்ல இருக்கு. ராவுல காவலுக்குப் போறவன் நீ. பொம்பளைய விட்டுருவாங்க. உன்ன…" அவர் முடிக்கவில்லை. "மதாமும் சனிக்கிழமை வரைக்கும் போக முடியாது. துறையில அதோட படகக் கட்டிப்போட்டுட்டாங்க."

"ஓடிரலாமா?" அவர் போனதும் பெசாரா கேட்டான்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டா?"

"நீயாவது போ. லுவா இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போயிரு."

"சும்மா இருங்க." அவள் பானையைக் கவிழ்த்தாள். "பதினோரு தடவைன்னு சொல்லிச்சு. என் அட்டை இல்லாம ஏறாது. அட்டை யார்கிட்ட இருக்கு?"

இரண்டு பேருக்கும் தெரியும். போன வருஷத்திலிருந்தே, 'நீ தொலைச்சிருவக்கா' என்று இனியாஸ் வாங்கி வைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை பூவுக்குப் போகாமல் தம்பி வீட்டுக்குப் போனாள். புதுத் தகரக் கூரை. வாசலில் மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி அதன் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். உள்ளே அவன் பெண்டாட்டி ஒதெத், ஏழு மாசக்காரி, வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"வாக்கா, உக்காரு. ஒதெத், அக்காவுக்குக் காப்பி."

"காப்பி வேணாம். என் அட்டையக் குடு."

அவன் துணியில் கையைத் துடைத்தான். நகக்கண்ணில் இருந்த அழுக்கை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

"நான் ஒரு காயக்கூடத் தொடலக்கா. சத்தியமா ஒரு தோட்டத்துலயும் கால் வைக்கல."

"தெரியும். சரிவுல ஏற உனக்குத் தெம்பு ஏது."

"மூட்டை வந்துச்சு. பேர் இல்லாத காயக் கம்பெனி எடுக்காது. ஏதாவது ஒரு பேர் வேணும்னாங்க."

"ஊர்ல நூத்தி இருபது அட்டை இருக்கு. என் பேர்தான் கெடைச்சுதா?"

"உன் பேர்ல சந்தேகம் வராது. வேற யார் பேர்லயாவது போட்டா அவங்க வந்து சண்டை போடுவாங்க. நீ…" குரல் இறங்கியது. "நீ என் அக்கா."

"யாரு கொண்டுவந்தது?"

அவன் சாலையைப் பார்த்தான். "அத மட்டும் கேக்காத. அவன் வேற மாதிரி ஆளு. அவனுக்குப் பட்டணத்துல எல்லாக் கதவும் தெறக்கும். ஒரு தடவைன்னான். அப்புறம் ரெண்டு. நான் நெனச்சேன், சீசன் முடிஞ்சதும் அழிச்சிரலாம்னு. ராத்திரியெல்லாம் உக்காந்து பாத்தேன். அழிய மாட்டேங்குது."

"நீதான எல்லாருக்கும் சொன்ன?"

"சொன்னேன்." அழுகிற மாதிரி சிரித்தான். "சும்மா சொல்றாங்கன்னு நெனச்சேன். எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கும்ல?"

"நாளைக்கு நீயே எந்திரிச்சுச் சொல்லிரு, இனியாஸ்."

"சொன்னா என்னக் கொன்னுருவாங்க."

"சொல்லலேன்னா உன் மச்சானக் கொல்லுவாங்க."

பொரிக்கிற எண்ணெய்ச் சத்தம் உள்ளே நின்றுவிட்டது. ஒதெத் கேட்டுக்கொண்டிருந்தாள். இனியாஸ் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். பிறகு சொன்னான்:

"அதுக்கு நான் என்னக்கா பண்ண?"

பெர்லீன் எழுந்தாள். வருகிற வழியில் ஆற்றில் இறங்கி முகத்தைக் கழுவினாள். அவனுக்கு ஆறு வயசில் அம்மை போட்டபோது இருபது நாள் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொழுந்து மாதிரி ஏதோ ஒரு இலையால் விசிறினவள் அவள். அந்த இலையின் பெயரை எவ்வளவு யோசித்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

சனிக்கிழமை மாடு பலி கொடுக்கிற கம்பத்தடியில் கூடினார்கள். ஆண்கள் கத்தியோடுதான் வந்திருந்தார்கள். தோட்டத்துக்குப் போகிறவன் கத்தி இல்லாமல் போகமாட்டான், ஆனால் அன்றைக்கு யாரும் தோட்டத்துக்குப் போகவில்லை. மதாம் நிவு நிறம் வெளுத்துப்போய் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலேயே இனியாஸ், வெள்ளைச் சட்டை போட்டு, டேப்லெட்டோடு. அக்கா வாயைத் திறக்கமாட்டாள் என்று நம்பித்தான் வந்திருந்தான்.

பெர்லீன் பெசாராவின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

"நான் ஒரு பேர் சொல்லுவேன்," என்றாள். "அதுக்கு முன்னாடி ஒரு சத்தியம் வேணும். பேர் யாரா இருந்தாலும் உயிரோட பட்டணத்துப் போலீஸ்ல விடணும். இந்தக் கம்பத்துல சாராயம் ஊத்திச் சத்தியம் பண்ணுங்க."

"புருஷனக் காப்பாத்தப் பாக்குறா!" ஒருத்தன் கத்தினான்.

"ஆமா, காப்பாத்தத்தான் பாக்குறேன். நீ உன் பொண்டாட்டிக்குச் செய்ய மாட்டியா?"

ஒரு சிரிப்பு கிளம்பி உடனே அடங்கியது. வுலசாரா முன்னால் வந்தாள். ஐந்து மாசத்தில் பத்து வயசு கூடியிருந்தது.

"என் கொடிய அறுத்தப்ப எவன் எனக்குச் சத்தியம் பண்ணான், பெர்லீன்?"

"யாரும் பண்ணலக்கா. ஆனா கேளுங்க. என் பேர்ல ஒட்டின கட்டெல்லாம் இன்னும் கொட்டகையிலதான் இருக்கு, கப்பல் ஏறல. பிரிச்சுப் பாக்கலாம். உங்க காய் அதுல இருந்தா உங்களுக்கு வரும். இங்க ஒரு ஆள் செத்தா, மதாம் கதவப் பூட்டிட்டுப் போயிரும். காயும் போயிரும், ஆளும் போயிரும். உங்களுக்கு என்ன மிஞ்சும்?"

வுலசாரா தலைவர் கையிலிருந்த சாராயப் புட்டியைத் தானே வாங்கிக் கம்பத்தடியில் ஊற்றினாள். முன்னோர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் ஊற்றிவிட்ட பிறகு ஆண்களால் மறுக்க முடியவில்லை. ஒவ்வொருவராக வந்து ஈரமண்ணைத் தொட்டார்கள். இனியாஸும் எழுந்து வந்து தொட்டான்.

"கட்டப் பிரிச்சா ஸ்டிக்கர் செல்லாமப் போயிரும்," என்றாள் மதாம் மெல்ல. "சங்கிலியில எல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் வேணா இன்னொரு தடவை பாக்குறேன்…"

"சங்கிலியப் பாக்கச் சொல்லல மதாம். காயப் பாருங்க."

ஏப்ரலில், காய் பச்சையாய்த் தொங்கும்போதே, ஊரில் எல்லோரும் தக்கையில் ஊசி செருகி ஒவ்வொரு காயிலும் தன் அடையாளத்தைக் குத்திவிடுவார்கள். காய் வெந்து, வியர்த்து, வெயிலில் கறுத்துச் சுருங்கினாலும் அந்தத் தழும்பு போகாது. கட்டுகளைக் கொண்டுவந்து பாயில் கொட்டினார்கள். கறுப்பாக, எண்ணெய் மின்ன, அந்த வாசனை கூட்டத்தின்மேல் கனமாக இறங்கியது. வுலசாரா மண்டியிட்டு ஒரு காயை எடுத்தாள். கட்டைவிரலால் தடவினாள். இன்னொன்று. இன்னொன்று. அவளுடைய குத்து ஒரு சிலுவையும் இரண்டு புள்ளியும்.

"என்னுது," என்றாள். "இதுவும் என்னுது." மே மாதத்தில் வராத அழுகை அப்போது வந்தது. காய்களை மடியில் அள்ளிக்கொண்டு, செத்த பிள்ளையை வைத்திருப்பவளைப் போல ஆடி ஆடி அழுதாள்.

"என் பேர்ல ஏறின தேதியப் படிங்க மதாம்," என்றாள் பெர்லீன்.

மதாம் படித்தாள். பதினொன்றில் மூன்று அவளுடையது. மற்ற எட்டில் ஐந்து செவ்வாய்க்கிழமை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. செவ்வாய்க்கிழமை மண்ணைத் தொடுவது அந்த ஊரில் விலக்கு, காய் பறிக்கிறவனும் இல்லை, நிறுக்க வருகிறவனும் இல்லை. அன்றைக்குக் கொட்டகைச் சாவி ஒரே ஒருத்தன் கையில்தான் இருக்கும். தலைகள் ஒவ்வொன்றாக வெள்ளைச் சட்டைப் பக்கம் திரும்பின.

"என் தம்பி," என்றாள் பெர்லீன். குரல் உடையவில்லை. "திருடினது அவன் இல்ல. என் பேரப் போட்டது அவன்."

இனியாஸ் ஓடவில்லை. டேப்லெட்டை மதாம் கையில் பத்திரமாகக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றான். ஒருத்தன் கத்தியை ஓங்கினான். வுலசாரா மடியில் காயோடு, உட்கார்ந்தபடியே கத்தினாள்: "நான் ஊத்தியாச்சுடா! தொடாத!"

கையைக் கட்டி மூன்று மணி நேரம் நடத்திக் கொண்டுபோனார்கள். பெர்லீன் பின்னாலேயே போனாள், சத்தியத்தை நம்பாமல். ஒதெத் வாசலில் நின்று பார்த்தாள். பட்டணத்துக் காவல் நிலையத்தில் அவனை உள்ளே தள்ளும்போது ஒருமுறை திரும்பினான். கோபமாக இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். பயந்துபோன முகம்.

"என்னக் கூட்டிட்டுப் போயிரு அக்கா," என்றான். "இங்க விடாத."

அவள் விட்டுவிட்டு வந்தாள்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் சோறும் கருவாடும் கட்டிக்கொண்டு போனாள். இரண்டு தடவை வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது தடவை பெரிய சிறைக்கு அனுப்பிவிட்டதாக வாசலில் நின்றவன் சொன்னான். ஒரு நாள் பயணம் பண்ணிப் பெரிய சிறைக்குப் போனால், அப்படி ஒருத்தன் வரவே இல்லை என்றார்கள். புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார்கள். அந்தப் பெயரே இல்லை.

மதாம் ஒரு தடவை போனில் பேசினாள். பெர்லீன் பெயரில் ஏறினதை அழிக்க முடியாதாம். கீழே விளக்கம் ஒன்று எழுதிச் சேர்த்திருக்கிறார்களாம். "இனிமே யார் பாத்தாலும் ரெண்டும் தெரியும்மா," என்றாள். வுலசாராவுக்குக் காய் திரும்பக் கிடைத்தது, மற்ற நாலு தோட்டக்காரர்களுக்கும் கிடைத்தது. ஊர் மறுபடியும் பெர்லீனிடம் பேசத் தொடங்கியது. கொஞ்சம் கூடுதல் மரியாதையோடுகூடப் பேசியது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

டிசம்பர் நடுவில், பூ முடியப்போகிற சமயம், மழைக்கு ஒதுங்கி அவள் வீட்டுக்கு இறங்கி வந்திருந்தாள். பெசாரா கிராம்பைக் குவித்துச் சாக்கால் மூடப் போயிருந்தான். வாசலில் ஒருத்தர் வந்து நின்றார். ஐம்பது வயசு இருக்கும். அந்தச் சேற்றிலும் காலணி சுத்தமாக இருந்தது.

"ஒரு வாய் தண்ணி கெடைக்குமாம்மா?"

கொண்டுவந்து கொடுத்தாள். நின்றுகொண்டே குடித்தார்.

"பெர்லீன்தான? நல்ல பேரு. ஊர்ல நல்லபடியாச் சொல்றாங்க." குவளையைத் திருப்பிக் கொடுத்தார். "உங்க தம்பி நல்லா இருக்கான். அதச் சொல்லச் சொன்னான்."

எல்லாக் கதவும் தெறக்கும் என்று இனியாஸ் சொன்ன ஆள் இவர்தான்.

"எங்க இருக்கான்?"

"வேலை பாத்துக்கிட்டிருக்கான். சாப்பாட்டுக்குக் குறை இல்ல. அவன் பொண்டாட்டிக்குப் பிரசவம் எப்பன்னு கேட்டான்." சரிவில் மழையில் நனைகிற கொடிகளைப் பார்த்தார். "இந்த வருஷம் பூ நல்லாப் புடிச்சிருக்கு. புதுசா ஒருத்தன் போன் எடுத்துட்டு வருவான், நம்ம பையன்தான். அவன்கிட்ட அட்டையக் குடுத்து வச்சிருங்க. தம்பி நல்லா இருக்கணும்ல?"

வலது பக்கத்து வீட்டில் நாலு ஆண்கள் மழைக்கு உட்கார்ந்து டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். கட்டை விழுகிற சத்தம் கேட்டது. 'திருடன்' என்று ஒரே ஒரு வார்த்தை போதும். கத்தினால் ஊர் முழுக்க வரும். இந்தத் தடவை கம்பத்தில் யாரும் எதுவும் ஊற்றவில்லை. இந்த ஆள் ஆற்றைத் தாண்டமாட்டார். அதற்கப்புறம் இனியாஸ் எங்கே இருக்கிறான் என்று சொல்ல உலகத்தில் ஒருத்தர் இருக்கமாட்டார்.

"அடுத்த மாசம்," என்றாள்.

"என்னது?"

"பிரசவம். ஜனவரியில. சொல்லிருங்க."

அவர் தலையசைத்துவிட்டுக் குடையை விரித்தார். பாதையில் இறங்கிப் போகும்போது டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கையெடுத்தார். மழை விடாது போலிருக்கே என்றார். அவர்கள் நாலு பேரும் ஆட்டத்திலிருந்து தலையைத் தூக்கி, பாத்துப் போங்க ஐயா, துறைகிட்ட வழுக்கும் என்றார்கள்.